காத்துதான் உடைச்சுதுலே!

ஆனி மாசம் பிறந்தால் எங்கள் ஊருக்கு மூன்று பேர் தவறாமல் வருவார்கள். ஒன்று, தேரில் நெல்லையப்பர். இரண்டு, 'குத்தாலத்துல சாரல் நல்லா விழுதாமே' என்று விசாரித்துக்கொண்டே நம் வீட்டில் இரண்டு நாள் படுக்கை போடும் சொந்தக்காரர்கள். மூன்று, காற்று.

காற்று என்றவுடன் மெரினாவில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே வாங்குவீர்களே, அதை நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு வருவது தென்மேற்குப் பருவக்காற்று. கொண்டு வந்த மழையை எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாக வெறுங்கையை வீசிக்கொண்டு வரும். முப்பந்தலிலும் கயத்தாறிலும் இதே காற்றைப் பிடித்து, ராட்சதக் காற்றாடி சுற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதிலிருந்து எதையும் எடுக்க முடிந்ததில்லை. அதுதான் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு போகும். இதுவரை போனவை: இரண்டு வேட்டி, ஒரு பிளாஸ்டிக் வாளி மூடி, முழுசாக ஒரு கூழ்வற்றல் துணி (வற்றலோடு).

இந்த வருஷக் கணக்கில் ஒரு ஜன்னல் கண்ணாடி.

என் வீடு டவுனில், வடக்கு ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. தாத்தா கட்டியது. தார்சா, பட்டாசல், ரெண்டாங்கட்டு, அடுக்களை என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும். மாடியில் ஒரே ஓர் அறை. அது அப்பாவின் சாம்ராஜ்யம். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தெட்டு. இளைப்பு உண்டு. படி இறங்கினால் ஏறுவதற்குள் மூச்சு வாங்கும் என்பதால் பெரும்பாலும் இறங்குவதில்லை. அவருக்கு உலகம் என்பது அந்த அறையின் தெற்கு ஜன்னல்தான். இரண்டு கதவு, கதவுக்கு இரண்டு என்று மொத்தம் நாலு கண்ணாடி. திறந்து வைத்தால் காற்றும் புழுதியும் வந்து இளைப்பைக் கிளப்பும். மூடி வைத்தால் கண்ணாடி வழியே சந்தும், சந்து முடிகிற இடத்தில் ஒரு துண்டு ரத வீதியும் தெரியும். பார்த்துக்கொண்டே இருப்பார்.

சம்பவம் நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை மூன்றரை மணி. நான் தார்சாவில் பேப்பரை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு தலையங்கம் படித்துக்கொண்டிருந்தேன். (குறட்டை கேட்டது என்று என் மனைவி சொல்வதை நீங்கள் நம்ப வேண்டாம்.)

'சலங்!'

வாசலுக்கு ஓடினேன். சந்தில் ஆறு பையன்கள், ஒரு கட்டை மட்டை, ஸ்டம்புக்குப் பதில் ஒரு செங்கல். அடுத்த இரண்டாவது நொடியில் மட்டையும் செங்கலும்தான் இருந்தன. ஆறு பேரும் மாயம். அதில் ஒருவன் என் மகன். ஐந்தாம் வகுப்பு.

அண்ணாந்து பார்த்தேன். அப்பா அறை ஜன்னலில் கீழ்க் கண்ணாடி ஒன்று காலி.

ஓடுகிறவன்தான் குற்றவாளி! இதற்குச் சட்டப் படிப்பு வேறு வேண்டுமா? தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனை இழுத்து வந்து, விசாரணைக் கமிஷனை அடுக்களையிலேயே தொடங்கினேன்.

"கண்ணாடிய உடைச்சது யாரு?"

"நான் இல்லப்பா."

"பந்து எங்கல?"

"சாக்கடையில கெடக்கு."

போய்ப் பார்த்தேன். பந்து சாக்கடையில்தான் மிதந்தது. உள்ளே போய் உடைத்த பந்து எப்படி வெளியே வந்து சாக்கடையில் குளிக்கும் என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்டால் 'பட்டுத் தெறித்திருக்கும்' என்று பதில் தயாராக வைத்திருந்தேன். சாட்சியம் நம் பக்கம் வராவிட்டால் நாம்தானே அதை நம் பக்கம் வளைக்க வேண்டும்!

மேலேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "ஏல, பிள்ளைய என்னத்துக்குப் போட்டு வெரட்டுத? காத்துதான் உடைச்சுதுலே!"

பேரனைக் காப்பாற்ற எல்லாத் தாத்தாக்களும் சொல்கிற பொய் என்று எடுத்துக்கொண்டேன். என்னை அடிக்காத நாள் இல்லாத மனுஷர், பேரன் விஷயத்தில் மட்டும் காந்தி ஆகிவிடுவார்.

"கடைசியாக் கேக்கேன். யாரு?"

"நான் இல்லப்பா."

நாலு தடவை கேட்டேன், நாலு தடவையும் இதே பதில். ஐந்தாவது தடவை கேட்பதற்கு முன்னால் கை முந்திக்கொண்டது. முதுகில் ஒன்று. சத்தம் அதிகம், வலி குறைவு என்றுதான் அப்போது என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அவன் அழவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "ஆமா, நான்தான்" என்றான்.

வெற்றி! அதோடு விட்டேனா? ஆபீஸ் புத்தி. எதையும் எழுத்தில் வாங்கினால்தானே ஃபைல் முழுசாகும்? நோட்டுத் தாளைக் கிழித்துக் கொடுத்து, 'இனிமேல் நான் தெருவில் பந்து விளையாட மாட்டேன். ஜன்னல் கண்ணாடியை உடைக்க மாட்டேன். இது சத்தியம்' என்று எழுதி வாங்கி, கீழே கையெழுத்தும் போடச் சொன்னேன். தேர் முடிகிறவரை கிரிக்கெட்டுக்குத் தடை.

* * *

குற்றவாளியைப் பிடித்தாயிற்று. கண்ணாடி மாட்டுவதுதானே பாக்கி, அது என்ன பெரிய விஷயம்? நாளைக்கு மாட்டலாம்.

என் மாதிரி ஆசாமிகளுடைய நாளைக்கு எத்தனை நாள் என்று உங்களுக்குத் தெரியும். தற்காலிக ஏற்பாடாகப் பழைய காலண்டர் அட்டை ஒன்றை ஓட்டையில் வைத்து ஆணி அடித்தேன். காலண்டரில் இருந்தவர் வள்ளி தெய்வானை சமேத முருகன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முதல் வாரம் சம்பளம் வரட்டும் என்றேன். இரண்டாம் வாரம் சம்பளம் வந்தது, போய்விட்டது. மூன்றாம் வாரம் எனக்கே ஓட்டை பழகிவிட்டது.

அட்டைக்குக் கண்ணாடியின் வேலை பாதிதான் தெரியும் என்பது எனக்கு உறைக்கவில்லை. காற்றைத் தடுக்கும், வெளிச்சத்தையும் சேர்த்துத் தடுத்துவிடும். எங்கள் அட்டை காற்றையும் சரியாகத் தடுக்கவில்லை. ராத்திரி முழுக்க 'படபட' என்று முருகன் அடித்துக்கொள்வார். கீழே படுத்திருக்கும் எனக்கு அப்பாவின் இருமல் கேட்கும். சீசன் இருமல் என்று திரும்பிப் படுப்பேன்.

ஒரு நாள் மத்தியானம் ஏதோ எடுக்க மாடிக்குப் போனேன். பட்டப் பகலில் லைட் எரிந்துகொண்டிருந்தது. அப்பா வழக்கமான நாற்காலியில், வழக்கமான இடத்தில், ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தால் அவர் கண் மட்டத்துக்கு வருவது அந்தக் கீழ்க் கண்ணாடிதான். அதாவது, மூன்று வாரமாக அவர் பார்த்துக்கொண்டிருந்தது காலண்டர் அட்டையின் பின்பக்கம்!

"வேற கண்ணாடி வழியாப் பாக்கலாம்லாப்பா?" என்றேன்.

"நின்னாத் தெரியும். எவ்வளவு நேரம் நிக்க?" என்றார். அப்புறம், கடன் கேட்கிறவர் மாதிரி தயங்கி, "தேருக்குள்ள மாட்டிருவியால?" என்றார்.

தேருக்குப் பத்து நாள் இருந்தது.

எங்கள் ஊர்த் தேரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையார், முருகன், சுவாமி, அம்பாள், சண்டிகேசுவரர் என்று மொத்தம் ஐந்து தேர். சுவாமி தேர் தமிழ்நாட்டிலேயே பெரிய தேர்களில் ஒன்று. இழுப்பது ஜனங்கள்தான். 2024-ல் வடம் அடுத்தடுத்து அறுந்து போயும் ஊர் சளைக்கவில்லை. வேறு வடம் மாட்டி இழுத்தது. அப்பா இளவட்டமாக இருந்தபோது அந்த வடத்தில் கை வைக்காத வருஷம் கிடையாது. இப்போது, வடக்கு ரத வீதியில் தேர் திரும்பிப் போகும்போது சந்து முனையில் தெரிகிற அந்த ஒரு துண்டு தரிசனம்தான். அதையும்தான் நான் அட்டை அடித்து மூடியிருந்தேன்.

* * *

மறுநாள் ஆபீஸில் இதைச் சொல்லிப் புலம்பினேன். பக்கத்து சீட்காரர் எம்.ஏ. பொருளாதாரம். படித்ததை எங்கே செலவழிப்பது என்று காத்துக்கொண்டிருப்பவர்.

"சார், இந்தக் கேஸ் 1850-லேயே வந்தாச்சு" என்றார்.

"எங்க, ஜங்ஷன்லயா?"

"ஃபிரான்ஸ்ல. பாஸ்தியான்னு ஒருத்தர் எழுதியிருக்கார். ஒரு கடைக்காரரோட பையன் ஜன்னல் கண்ணாடிய உடைச்சிட்டான். கூடின கூட்டம் கடைக்காரருக்கு ஆறுதல் சொல்லுது: 'விடுங்க, கண்ணாடியே உடையலன்னா கண்ணாடி மாட்டுறவன் எப்படிப் பிழைப்பான்? ஆறு ஃபிராங்க் கைமாறுது, நல்லதுதானே?' பாஸ்தியா என்ன சொல்றார்? கண்ணாடிக்காரனுக்குக் கிடைச்ச ஆறு ஃபிராங்க் கண்ணுக்குத் தெரியுது. அந்த ஆறு ஃபிராங்க்ல கடைக்காரர் ஒரு ஜோடி செருப்பு வாங்கியிருப்பார். செருப்புக்காரனுக்குப் போகாத அந்தக் காசு கண்ணுக்குத் தெரியல. ஊர் கணக்குல மிச்சம் என்ன? ஒரு கண்ணாடி நஷ்டம். கட்டுரைக்குத் தலைப்பே, 'தெரிவதும் தெரியாததும்'தான்."

"நல்ல கட்டுரை. கண்ணாடி எங்க கிடைக்கும்?"

"அது பாஸ்தியா எழுதல சார்."

கூலி மிச்சம் பிடிக்கலாம் என்று நானே களத்தில் இறங்கினேன். செருப்புக்காரருக்காவது அந்தக் காசு போகட்டுமே! டேப்பை எடுத்து ஓட்டையை அளந்தேன். உயரம் 23 அங்குலம், அகலம் 17. துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் சீட்டைப் பார்த்து, "4 மில்லி போடவா?" என்றார். பெரிய ஷீட்டை மேஜையில் கிடத்தி, அளவுகோலை வைத்து, மண்ணெண்ணெயில் முக்கிய கட்டரை ஒரே ஓர் இழுப்பு இழுத்தார். 'கிரீச்' என்று தலைமயிர் மாதிரி ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் கொடுத்து லேசாக அழுத்தினார். பிஸ்கட் மாதிரி இரண்டாகப் பிரிந்து வந்தது.

"இவ்வளவுதானா? அறுக்கவே இல்லையே!"

"கண்ணாடிய யாரும் அறுக்கறது இல்ல சார். கீறல் போட்டுட்டு, அது வழியா உடைக்கறோம். கோடு ஒரு தடவைதான் போடணும். சரியா விழலையோன்னு அதே கோட்டுல ரெண்டாந்தடவை போனீங்கன்னா, கட்டரும் கெட்டுப்போகும், கண்ணாடியும் கண்ட இடத்துல ஓடும்."

தலையாட்டிக்கொண்டு காசைக் கொடுத்தேன். ஒரே கேள்வியை நாலு தடவை கேட்ட ஒருவனுக்கு அந்த இடத்திலேயே ஏதாவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கண்ணாடியைப் பேப்பரில் சுற்றி ஸ்கூட்டரில் கொண்டுவந்த கதையைத் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். படுக்க வைத்துக் கொண்டுபோனால் சொந்த எடையிலேயே வளைந்து உடையும், நிறுத்தித்தான் பிடிக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். பின்னால் என் மனைவி, நடுவில் கண்ணாடி, முன்னால் நான். ஆனிக் காற்று அதைப் பாய்மரம் என்று நினைத்துக்கொண்டது. வாகையடி முக்கு வந்தபோது, நான் நேரே ஓட்ட வண்டி தானாகக் கிழக்கே திரும்பியது. ஆனால் ஒன்று, என் வாழ்க்கையில் டவுன் நெரிசலில் எனக்கு இவ்வளவு மரியாதை கிடைத்ததே இல்லை. "கண்ணாடி! கண்ணாடி!" என்று என் மனைவி கத்தக் கத்த, ஆட்டோ, மாடு, தள்ளுவண்டி எல்லாம் ஒதுங்கி வழிவிட்டன.

வீட்டுக்கு வந்து மாடியேறினேன். அட்டை முருகனைக் கும்பிட்டு இறக்கினேன். சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பழைய சில்லுகள் எங்கே போய்விடும், முதலில் கண்ணாடி பொருந்துகிறதா என்று பார்ப்போம் என்று வைத்துப் பார்த்தேன்.

பொருந்தவில்லை. ஓட்டை வழியாக அப்படியே வெளியே போயிற்று!

தெருவில் விழுவதற்கு முன்னால் கடைசி நேரத்தில் மறு கையால் பிடித்தது நான் கும்பிட்ட முருகன் செயல். சட்டத்துக்கு உள்பக்கம் கண்ணாடி உட்காருவதற்கென்று ஒரு காடி வெட்டியிருப்பார்கள். கண்ணாடியின் நாலு ஓரமும் அதற்குள் ஒளிந்திருக்கும். நான் அளந்தது கண்ணுக்குத் தெரிந்த இடத்தை மட்டும்! தெரிவதும் தெரியாததும். பாஸ்தியா சமாதியில் புரண்டு சிரித்திருப்பார்.

* * *

கூலி கொடுத்தே ஆள் கூப்பிட்டேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சைக்கிளில் வந்தார். மாடியேறியதும் அப்பாவுக்கு ஒரு கும்பிடு, ஜன்னலுக்கு ஒரு பார்வை. நான் வாங்கி வந்த கண்ணாடியைச் சட்டத்தின் மேல் ஒரு தடவை வைத்து எடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. படித்தவர்களிடம் நிறைய வேலை பார்த்திருப்பார்.

காடியோடு சேர்த்து, உயரத்தை மூன்று இடத்தில், அகலத்தை மூன்று இடத்தில் அளந்தார். "பழைய மரம், எல்லா இடமும் ஒண்ணுபோல இருக்காது. உள்ளதுல குறைஞ்ச அளவை எடுக்கணும். அதுலயும் ஒரு நூல் குறைச்சு வெட்டணும் சார்" என்றார். (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பாகம்.) "இறுக்கமா வெட்டினா, மழைக்கு மரம் ஊதும்போது கண்ணாடி தாங்காது. எதுக்கும் கொஞ்சம் இடம் விடணும்."

23 முக்காலுக்கு 17 முக்கால், அதில் ஒரு நூல் கம்மி. அவரே போய் வெட்டி வாங்கி, நிமிர்த்திப் பிடித்தபடி வந்து சேர்ந்தார்.

கையில் கனமான துணியைச் சுற்றிக்கொண்டு, காடியில் இருந்த பழைய லப்பத்தை உளியால் தட்டித் தட்டிப் பெயர்த்தார். அறுபது வருஷ லப்பம் கல்லாகியிருந்தது. அதற்குள் புதைந்திருந்த சில்லுகளை ஒவ்வொன்றாக உருவித் தாளில் வைத்தவர், ஓர் இடத்தில் நிறுத்தி, சட்டத்தின் மூலையைத் தடவிப் பார்த்தார்.

"கொக்கி போடாம விட்டுட்டீங்களோ?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி. பையன் பந்தடிச்சு உடைச்சுட்டான்."

"பந்தா?" சில்லுகளைக் காட்டினார். "பந்து பட்டா, பட்ட எடத்துல இருந்து நாலா பக்கமும் சூரியன் கதிர் மாதிரி விரிசல் ஓடும். ஓரத்துல நிக்கற சில்லு எல்லாம் நடுவப் பாத்துக் கூரா இருக்கும். இது அப்படி இல்ல. கீழ் மூலையில இருந்து கெளம்பி வளைஞ்சு ஓடியிருக்கு. மூலையில பாருங்க, மரமே நசுங்கியிருக்கு. கதவு காத்துல அடிச்சு, செவுத்துல மோதி, மூலை வாங்கியிருக்கு. எத்தனை பாத்திருக்கேன்!"

வெளியே எட்டிப் பார்த்தேன். கதவு திறந்தால் மூலை இடிக்கிற இடத்தில், சுவரில் புதுசாகக் காரை பெயர்ந்திருந்தது. மூன்று வாரமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

"அன்னிக்கே சொன்னேம்லா, காத்துன்னு" என்றார் அப்பா, நாற்காலியில் இருந்தபடியே. "நான் இங்கனதான் உக்காந்திருந்தேன். கண்ணு முன்னால அடிச்சுது. நீ எங்க கேட்டே?"

"கொக்கிய யாருப்பா போடாம விட்டது?"

கேட்ட பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டுக்குள் செல்போனுக்கு சிக்னல் கிடைக்காது. மாடி ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினால்தான் பேச முடியும். அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஆபீஸ் நண்பர் கூப்பிட்டார். ஜன்னலைத் திறந்து வைத்து, யாருக்கு எங்கே டிரான்ஸ்ஃபர் என்று அரை மணி நேரம் உலகத்தைச் சீர்திருத்திவிட்டு, கொக்கி போடாமல் கீழே இறங்கியது யார்? அடியேன்தான்!

அப்பா என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு அதுவும் தெரிந்திருக்கிறது. சொல்லவில்லை. பெரிய மனுஷர்.

அண்ணாச்சி எதையும் கவனிக்காதவர் போல வேலையைப் பார்த்தார். காடியைச் சுத்தம் செய்து எண்ணெய் தடவினார். தடவாமல் லப்பம் வைத்தால், அதில் இருக்கிற எண்ணெயைக் காய்ந்த மரம் உறிஞ்சிவிடும், லப்பம் வெடித்துவிடும் என்றார். சுண்ணாம்புப் பவுடரில் ஆளிவிதை எண்ணெய் விட்டு, சப்பாத்தி மாவு மாதிரி உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தார். முதலில் காடியில் மெல்லிசாக ஒரு மெத்தை, அதன் மேல் கண்ணாடி, கண்ணாடி நழுவாமல் நாலு பக்கமும் தலையில்லாத சின்ன ஆணிகள், அதன் மேல் சாய்வாக லப்பம். மழைத் தண்ணீர் நிற்காமல் வழியத்தான் அந்தச் சாய்வு. கத்தியால் ஒரே இழுப்பு.

"ஒரு வாரம் போகட்டும் சார். லப்பம் நல்லா இறுகின பெறகு பெயின்ட் அடிங்க. அதுவரைக்கும் கொக்கி மட்டும் மறந்துராதீங்க" என்றார்.

என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

* * *

ஆபீஸில் பெரிய அதிகாரியிடம்கூட நான் சுலபமாக மன்னிப்புக் கேட்டுவிடுவேன். இருபது வருஷப் பழக்கம். பத்து வயதுப் பையனிடம் கேட்பதற்கு மாடிப்படியில் நாலு தடவை ஏறி இறங்கினேன்.

பட்டாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏல, அந்தக் கண்ணாடிய நீ உடைக்கலையாம்."

"தெரியும்" என்றான், தலை நிமிராமல்.

"நான்தான் கொக்கி போடாம வந்துட்டேன். அப்பா தப்புப் பண்ணிட்டேன். உன்னைய அடிச்சது தப்பு."

எழுதுவதை நிறுத்தினான். அவன் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. இது ஏதாவது புது விசாரணையோ என்று சந்தேகமாகப் பார்த்தான்.

"நீ உடைக்கலன்னா அப்ப எதுக்குல நான்தான்னு சொன்னே?"

"நீங்க கேக்கறத நிறுத்தல. அதான்" என்றான்.

கண்ணாடிக் கடைக்காரர் சொன்னது அப்போதுதான் வந்து விழுந்தது. ஒரே கோட்டில் திரும்பத் திரும்பப் போனால் கண்ணாடி கண்ட இடத்தில் உடையும்.

"ஓடிப் போய் ஒளிஞ்சியே, அது ஏன்?"

"எல்லாரும் ஓடினாங்க" என்றான். இதைவிட நேர்மையான வாக்குமூலத்தை எந்தக் கமிஷனும் வாங்கியிருக்காது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நாளைக்கு விளையாடலாமாப்பா?" என்றான்.

"இன்னிக்கே போ."

நோட்டை மூடக்கூட இல்லை. சிட்டாய்ப் பறந்துவிட்டான்.

* * *

தேரன்று காலையிலேயே அப்பா வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, நாற்காலியில் தயாராகிவிட்டார். பேரன் ஜன்னல் திண்டில். வெளியே காற்று புழுதியைச் சுழற்றி அடித்தது. உள்ளே ஒரு தூசு இல்லை. பிள்ளையார் போனார், முருகன் போனார். சுவாமி தேர் சந்து முனைக்கு வந்து நின்றபோது, அப்பா கையைத் தலைக்கு மேல் தூக்கினார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பிறகு கையை இறக்கி, கண்ணாடியையே உற்றுப் பார்த்தார்.

"என்னப்பா, சரியாத் தெரியலையா?" என்றேன், வயிற்றில் புளியைக் கரைத்தபடி.

"நல்லாத் தெரியுது. ஆனா தேரு அசைய மாட்டேங்குதே!"

விஷயம் இதுதான். தாத்தா காலத்துக் கண்ணாடி, உருக்கிய குழம்பிலிருந்து மேல் நோக்கி இழுத்து எடுத்த ரகம். அதில் லேசாக நெளிவு இருக்கும். இப்போது வருகிற கண்ணாடி வேறு. உருக்கிய வெள்ளீயத்தின் மேல், பாலில் ஆடை மாதிரி கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டு எடுப்பது. இங்கிலாந்தில் பில்கிங்டன் கம்பெனி 1959-ல் உலகத்துக்கு அறிவித்த முறை. நம் ஸ்ரீபெரும்புதூரில் 2000-ல் வந்த தொழிற்சாலையிலும் அதே முறைதான். மட்டம் பிசகாது, நெளிவே கிடையாது. (பழைய கண்ணாடி வருஷக்கணக்கில் மெல்ல வழிந்துதான் நெளிகிறது என்று ஒரு கதை உண்டு. நம்பாதீர்கள். அது பிறவி நெளிவு.) இத்தனை வருஷமாக அந்த நெளிவு வழியாகத் தேர் ஆடி அசைந்து வந்ததைப் பார்த்தவருக்கு, இந்தப் புதுத் தேர் சட்டம் போட்ட படம் மாதிரி இருந்திருக்கிறது!

"தாத்தா, இது வழியாப் பாருங்க!" என்று பையன் பக்கத்துக் கதவின் பழைய கண்ணாடியைக் காட்டினான். அப்பா நாற்காலியை நகர்த்திக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"ஆங்... இப்பம் அசையுது!"

இரண்டு பேரும் புதுக் கண்ணாடியில் ஒரு தடவை, பழைய கண்ணாடியில் ஒரு தடவை என்று மாற்றி மாற்றிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் கொக்கி போட்டிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

அளவு தப்பி வாங்கிய கண்ணாடி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 23-க்கு 17. ஓரத்தைத் தேய்த்து ஆபீஸுக்குக் கொண்டுபோய் என் மேஜை மேல் போட்டுவிட்டேன். எல்லார் மேஜையிலும் கண்ணாடிக்கு அடியில் சாமி படம் இருக்கும். என் மேஜையில் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று இருக்கிறது. 'ஜன்னல் கண்ணாடியை உடைக்க மாட்டேன். இது சத்தியம்' என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருக்கும். கீழே இருந்த கையெழுத்தை மட்டும் அடித்துவிட்டு என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன்.

பக்கத்து சீட் எம்.ஏ. பொருளாதாரம் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "இது என்ன சார், தெரிவதா, தெரியாததா?" என்றார்.

"காடி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. பாஸ்தியா அதையும் எழுதியிருக்க மாட்டார்.